ஒரே பாயில் ஐந்து வீடு

பழவேற்காடு
5 ஜூலை 2025

மேடத்துக்கு காந்தா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷமாக எங்கள் ஊருக்கு வருகிறீர்கள், என் வீட்டு மோரைக் குடிக்கிறீர்கள், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. 'மேடம், மேடம்' என்றே ஓட்டிவிட்டேன். நீங்கள் இல்லாதபோது ஊரில் உங்களுக்கு 'டிக் மேடம்' என்று பெயர். கவர் மேல் அதை எழுத முடியாதே! போன தடவை நீங்கள் கொடுத்த காகிதத்தில் இருந்த ரப்பர் முத்திரையை, என் வீட்டுக்காரர் துளசிங்கத்தின் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுப் படித்துத்தான் ஜாக்குலின் என்று கண்டுபிடித்தேன். நல்ல பெயர். உங்கள் மூஞ்சிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் நாலாவது வரைதான் படித்தேன். கடைசியாக எழுதிய கடிதம் பதினாறு வயதில். 'என்னைக் கட்டிக்கொள்ளாதே, எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை' என்று துளசிங்கத்துக்கு எழுதினேன். அந்த மனுஷனுக்கு அப்போது படிக்கத் தெரியாது. சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் போன் ஒரு வாரமாக அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. இந்த மாதம் நீங்கள் வர வேண்டிய மாதம். எப்போதும்போல ஐந்து பிள்ளைகளையும் தலைவாரி, பவுடர் அடித்து, என் வீட்டுப் பாயில் உட்கார வைத்துவிடுகிறேன். நான் வளர்க்கிற என் தம்பி மகள் சத்யா இங்கேயே இருக்கிறாள். மற்ற நாலு வீடும் ஏரிக்கு அந்தப் பக்கம், படகில் முக்கால் மணி நேரம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்ட புண்ணியவான் ஒருநாளும் படகில் ஏறியிருக்க மாட்டான். நீங்கள் ஒரே பாயில் ஐந்து வீட்டையும் பார்த்துவிட்டு நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்கலாம்.

இன்னொன்று. உங்கள் ஆபீஸிலிருந்து எல்லம்மாவுக்கு ஒரு போன் வந்ததாம். அதுதான், தன் அண்ணன் மகள் சந்தியாவை வளர்க்கிறாளே, அந்த எல்லம்மா. "சந்தியா வீட்ல இருக்காளா?" என்று கேட்டார்களாம். இவள் "இருக்கா" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டு, என் நண்டுக் கூடை மேல் உட்கார்ந்து அழுகிறாள். உள்ளே நண்டு உயிரோடு இருக்கிறது என்று சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

என்ன விஷயம் என்று எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது.

காந்தா


பொன்னேரி
12 ஜூலை 2025

காந்தாம்மாவுக்கு,

வணக்கம். அது ஆபீஸ் போன், இப்போது என்னிடம் இல்லை. குடும்பங்களோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூன் கடைசியில் சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு சிறுமியை மீட்டார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பாத்திரம் தேய்க்கவும் வைத்திருந்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்திருக்கிறார். அவள் தன் பெயர் சந்தியா என்கிறாள். ஊர் பழவேற்காடு ஏரிக்கரை, அத்தை பெயர் எல்லம்மா என்கிறாள். விரல்ரேகை வைத்துப் பார்த்தார்கள். சோப்பில் விரல் தேய்ந்திருந்ததால் எந்திரத்தில் விழவில்லை. பிறகு என் கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். ஏப்ரல் 22 தேதியிட்டு, 'குழந்தையை வீட்டில் நேரில் பார்த்தேன். நலம்' என்று என் கையெழுத்து. ஜனவரியிலும் அதே வரி. எல்லம்மாவும் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். ஆகவே அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் இருக்கும் இல்லத்தின் பதிவேட்டில் 'பெயர் உறுதியாகாத சிறுமி' என்று இருக்கிறதாம்.

என்னைக் கேட்டார்கள். பார்த்தேன் என்று சொன்னேன்.

என் பெயரில் நூற்று நாற்பத்தேழு பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது அன்றைய பெயர்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்வேன். இறங்கும்போது பாதி மறந்திருக்கும். ஆனால் சந்தியா எனக்கு நினைவிருக்கிறாள். உங்கள் பாயின் ஓரத்தில், பச்சைப் பாவாடை கட்டி, முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். அவள்தானே?

சந்தியாவைத் தன் கையால் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள். அது போதும். என் வேலை தப்பிக்கும்.

ஜாக்குலின்


பழவேற்காடு
17 ஜூலை 2025

ஜாக்குலின் மேடம்,

சந்தியா எழுத மாட்டாள். பச்சைப் பாவாடை கட்டியிருந்தது என் தங்கை கோமளாவின் மகள் மாலதி.

இந்த வரியை எழுதிவிட்டு அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கும். முறை வந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டால் அண்ணனோ தம்பியோ அவன் பெயரில் போவான். முறை வீணாகக் கூடாது. அதை யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் வருகையையும் நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். பொங்கலுக்கு எல்லம்மா வந்து, "அக்கா, சந்தியா சொந்தக்காரங்க வூட்டுக்குப் போய்க்கிறா. ரெண்டு நாள்ல வந்துருவா. மேடம் கேட்டா இன்னா சொல்றது?" என்றாள். "இன்னாத்த சொல்றது? இன்னொருத்திய உக்கார வெச்சா போச்சு" என்றேன். நான்தான் சொன்னேன். எல்லம்மாவுக்கு அந்த மூளை கிடையாது.

ஏப்ரலில் தெரிந்தேதான் செய்தேன். ரெண்டு நாள் மூன்று மாதமாகியிருந்தது. எல்லம்மா கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. 'பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று ஒரு அம்மா அழைத்துப் போனாள்' என்று முனகினாள். அந்த அம்மா யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டிவரும். பாயில் ஒரு இடம் காலியாக இருந்தால் ஐந்து வீட்டுக்கும் சர்க்கார் உதவிப் பணம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நீங்களும் சும்மா இல்லை மேடம். மாலதியைப் பார்த்து, "நல்லா வளந்துட்ட சந்தியா" என்றீர்கள். எந்த வகுப்பு என்று கேட்டதற்கு அவள் ஆறாவது என்றாள். உங்கள் கோப்பில் சந்தியா ஐந்தாவது. நீங்கள் அதற்கும் டிக் போட்டீர்கள். நீங்கள் பஸ் ஏறியதும் நாங்கள் பெண்டுகள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் உங்களை மாதிரியே முந்தானையைக் கோப்பாகப் பிடித்துக்கொண்டு, "நலம், நலம்" என்று நடித்துக் காட்டினேன். காசியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

அந்த நேரத்தில் அந்தப் பெண் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் நிறையச் சிரிக்கிறவள், உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை மட்டும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

காந்தா


பொன்னேரி
25 ஜூலை 2025

காந்தாம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிறது. முதல் நாள் உங்கள் மேல் வந்த கோபத்தில் அதைக் கிழித்துப் போட இருந்தேன். ஊரே சேர்ந்து எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டி, பாயில் உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. இரண்டாம் நாள் கோபம் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்குத் தெரியும், காந்தாம்மா.

ஏப்ரலில் 'சந்தியா' என்று கூப்பிட்டேன். அந்தப் பெண் திரும்பவில்லை. உங்கள் கை அவள் முதுகைத் தொட்டது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் திரும்பினாள். தன் பெயருக்கு யாரும் அப்படித் திரும்புவதில்லை. ஆறாவது என்றதும் எனக்கு உறைத்தது. மணி மூன்றரை. அன்றைக்கு அதற்குமேல் நாலு பத்து பஸ்ஸைப் பிடித்துக் கோட்டைக்குப்பத்தில் ஆறு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு அறிக்கை போக வேண்டும். 'இவள் யார்?' என்று கேட்டிருந்தால் அன்றைய நாள் அங்கேயே நின்றுபோயிருக்கும். நான் கேட்கவில்லை. 'நல்லா வளர்ந்துட்ட' என்று சொல்லி எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. நான் ஏமாற வசதியாக நீங்கள் ஒரு பாய் விரித்தீர்கள், அவ்வளவுதான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். என்னுடையது ஒப்பந்த வேலை, அவர்கள் என்னை நீக்கக்கூட வேண்டாம், புதுப்பிக்காமல் விட்டாலே போதும். என் பிள்ளைகள் நூற்று நாற்பத்தேழு பேரும் என்னோடு இதே வேலை பார்க்கும் பெலிக்ஸ் தலையில் விழுவார்கள். அவரிடம் ஏற்கெனவே நூற்று முப்பது பேர். சொல்லாவிட்டால் சந்தியா பெயர் இல்லாமல் அங்கேயே இருப்பாள். அவள் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் பேசுவதில்லையாம். கேட்கிறவர்கள் நம்பாதபோது எத்தனை தடவைதான் சொல்வாள்?

ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஜில்லா ஆபீஸில் குழந்தைகள் நலக் கமிட்டி கூடுகிறது. அவளையும் அழைத்து வருகிறார்கள். நான் உள்ளதை எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். ஆனால் என் பேச்சை இனி நம்ப மாட்டார்கள். 'இவள்தான் சந்தியா' என்று சொல்ல ஊரிலிருந்து ஒருவர் வேண்டும். எல்லம்மா வர மாட்டார். உங்களை வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜாக்குலின்


பழவேற்காடு
1 ஆகஸ்ட் 2025

ஜாக்குலின் மேடம்,

வருகிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மனசு மாறினால் அடித்தல் திருத்தல் அசிங்கமாகத் தெரியும்.

ஊரில் எனக்கு நல்ல மரியாதை நடந்துகொண்டிருக்கிறது. ஐந்து வீட்டில் ஒருத்தியான பொன்னியம்மாள், படகு ஒதுங்குகிற ரேவின் நடுவில், நான் மடவை மீன் விற்றுக்கொண்டிருக்கும்போது, பத்துப் பேர் எதிரில் கேட்டாள்: "ஒரு பொண்ணுக்காவ அஞ்சு வூட்டு அடுப்பயும் அணைக்கப் போறியாடி?"

"அவ பொண்ணு இல்லியா?" என்றேன்.

"இம்மாங்காலம் எங்கடி போயிருந்துச்சு இந்த நியாயம்?"

மடவைக்குச் செதில் சீவிக்கொண்டே இருந்தேன். வாங்க வந்தவர், "போதும்மா, மீன் தீந்துடப் போவுது" என்றார்.

எல்லம்மா வீட்டுக்குப் படகில் போனேன். நாலு வருஷத்தில் நானே இரண்டு தடவைதான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்பது படகில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கூரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. அவளுக்கே மூன்று பிள்ளைகள். "பள்ளிக்கூடம்னுதான் சொன்னாங்கக்கா. சோறு போடுவாங்கன்னாங்க. நான் விக்கலக்கா" என்று அழுதாள். அதட்டலாம் என்றுதான் போனேன். அவள் காலடியில் கடைசிப் பிள்ளை வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. "வியாழக்கிழமை வா" என்று மட்டும் சொன்னேன். வர மாட்டாள்.

இதற்கு நடுவில் மாலதி நானும் வருவேன் என்று நிற்கிறாள். என் தங்கை கோமளா என்னைத் தின்றுவிடுகிற மாதிரி பார்க்கிறாள். "எம் பொண்ண கோர்ட்டு கச்சேரிக்கு இழுக்கறியா?" என்று ஒரே சண்டை. மாலதி முறுக்கிக்கொண்டு நின்று சொன்னாள்: "நாந்தான பெரிம்மா சந்தியானு சொன்னேன்? இல்லன்னும் நாந்தான சொல்லணும்?"

பன்னிரண்டு வயசு. எனக்கு நாற்பத்தெட்டு. என்னத்தைச் சொல்வது?

எந்தப் புடவை கட்டிக்கொண்டு வருவது என்று எழுதுங்கள். நல்லதாகக் கட்டினால் திமிர் என்பார்கள். பழசு கட்டினால் நடிக்கிறாள் என்பார்கள். பதில் வருவதற்குள் வியாழன் வந்துவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன்.

காந்தா


பொன்னேரி
13 ஆகஸ்ட் 2025

காந்தாம்மாவுக்கு,

அன்றைக்கு வராந்தாவில் நீங்கள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம், நடுவில் மாலதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் பையில் கருவாடு இருந்தது எனக்குத் தெரியும். எல்லோருக்குமே தெரிந்திருக்கும்.

சந்தியாவையும் மாலதியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்களே, அதிலிருந்து என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை. ஒரு சாடைகூட இல்லை. சந்தியா அரைத்தலை குட்டை. புருவத்தில் வெட்டுத் தழும்பு. அது என் கோப்பிலேயே இருக்கிறது, அடையாளக் குறி என்ற இடத்தில், என் கையெழுத்தில். கமிட்டித் தலைவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவளத்தான் சந்தியான்னு நெனச்சீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நீங்கள், "நாந்தான் சார் உக்கார வெச்சேன்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

அவர்கள் ஒன்றும் கொடுமைக்காரர்கள் அல்ல. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். எண்ணிக்கையைச் சொன்னதும் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். ஐந்து வீட்டு உதவியும் நிற்காது, வீடுகளைத் திரும்பப் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் பொன்னியம்மாளிடம் சொல்லுங்கள். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

கோப்புகளைப் பெலிக்ஸிடம் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கோப்பைத் திறக்காமல், பெயரை மட்டும் பார்த்து, முகம் நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தேன். அறுபத்தொரு பேருக்கு வந்தது. மீதி எண்பத்தாறு பேர் பெயராகவே இருந்தார்கள். அந்த அறுபத்தொன்றிலும் எத்தனை பேர் வேறு பிள்ளையின் முகத்தோடு இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சந்தியாவை உங்கள் வீட்டில் இப்போதைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. எப்படி இருக்கிறாள்?

ஜாக்குலின்


பழவேற்காடு
26 ஆகஸ்ட் 2025

ஜாக்குலினுக்கு,

இனிமேல் மேடம் கிடையாது என்பதால் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறேன். வயதில் நீ என் கடைசித் தங்கைக்கும் சின்னவள். கோபித்துக்கொள்ளாதே.

சந்தியா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். முதல் வாரம் பேசவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, யாரும் சொல்லாமலே, வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். தேய்த்ததையே மறுபடி தேய்ப்பாள். சட்டியும் குண்டானும் எடுத்து ராத்திரியே பரண்மேல் ஒளித்து வைக்க ஆரம்பித்தேன். துளசிங்கம், "நைனா காலத்து குண்டான எங்கடி?" என்று தேடிக்கொண்டு திரிகிறார்.

மாலதி தினமும் வருவாள். ஒன்றும் பேசாமல் வாசற்படியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை சந்தியா அவளிடம் கேட்டாள்: "எம் பேர கூப்ட்டப்ப நீ இன்னானு சொன்ன?"

"உள்ளேன் மேடம்னு சொன்னேன்."

"மொத வாட்டியேவா?"

"இல்ல. ரெண்டாவது வாட்டி."

சந்தியா, "அப்ப சரி" என்றாள். எது சரி என்று எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து கிளிஞ்சல் பொறுக்கப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்தாள். "ஏன் பெரிம்மா, என்ன யாரும் தேடலியா?" என்று கேட்டாள்.

நான் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். தேடினோம், கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை அதை நம்பியிருக்கும். நான், "தேடல சந்தியா" என்றேன். "ஒனக்குப் பதிலா இன்னொருத்திய உக்கார வெச்சேன். அதனால தேடணும்னு தோணல." அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. நான்தான் மிளகாய் நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எல்லம்மா மறுநாள் வந்து தூரத்தில் நின்றாள். சந்தியா போய் அவள் கைப்பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். அது வரைக்கும்தான்.

உன் எண்பத்தாறைப் பற்றி எழுதியிருந்தாய். என் பாயில் நாலு வருஷம் ஐந்து பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள், அதிலேயே ஒன்றை நான் தொலைத்தேன். உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு நாள் வந்து மோர் குடித்துவிட்டுப் போ. கோப்பு கொண்டு வராதே.

நேற்று உங்கள் பெலிக்ஸ் சார் வந்தார். பாயை எடுக்கப் போனேன். "வேணாம்மா, நான் வீட்டுக்குப் போய்த்தான் பாக்கணும்" என்றார். "இப்ப எத்தன பிள்ளைங்க சார் உங்களுக்கு?" என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார். அவரைத் துளசிங்கத்தின் படகில் ஏற்றி, சந்தியாவையும் என்னையும் கூட அழைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போனோம். தண்ணீர் வற்றிக் கிடக்கிற இடத்தில் படகு தரை தட்டி நின்றது. துளசிங்கம் இறங்கித் தள்ளினார். சார் மரியாதைக்குத் தானும் இறங்கினார். இடுப்பு வரை சேற்றில் போனார். கோப்பை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் கையைப் பிடித்து இழுத்ததில் சார் வந்துவிட்டார், செருப்பு இரண்டும் வரவில்லை. வெறுங்காலோடு நாலு வீட்டுக்கும் நடந்து போனார். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் கேட்டு, முகத்தைப் பார்த்து, எழுதிக்கொண்டார். எல்லம்மா வீட்டில் சந்தியாவின் பெயரைக் கேட்டார், அவளே சொன்னாள், எழுதினார். நாலு பத்து பஸ் போய்விட்டது. திரும்பும்போது துளசிங்கம் அந்த இடத்தில் படகை நிறுத்தி, கையை விட்டு வெகுநேரம் துழாவினார். ஒரு செருப்பு கிடைத்தது. கழுவிக் கொடுத்தோம். சார் வாங்கிப் பார்த்தார். அது அவருடையது இல்லை.

காந்தா